பையனைப் பிடித்துவிட்டார்கள்: இலவச லாயரா, காசு கொடுத்தா, யாருமே இல்லாமலா?

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் நகல் எடுக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். காலை எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போது வெளியே ஒருவர் அடையாள அட்டையான ஐசியைக் கையில் பிடித்துக்கொண்டு, தூங்காத கண்ணோடு நின்றால் பள்ளிக்கூட வேலையாக வந்தவர் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். போன மாதம் அப்படித்தான் ஓர் அக்கா நின்றார். செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கிறவர், விரல் நகமெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது. அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி சட்டம் பற்றியதே இல்லை. "தம்பி, அடகுக் கடை எத்தன மணிக்குத் தெறக்கும்?"

முந்தின நாள் சாயங்காலம் அவருடைய பத்தொன்பது வயதுப் பையனைப் போலீசார் பிடித்திருந்தார்கள். இரவோடு இரவாக மூன்று பேர் மூன்று யோசனை சொல்லியிருந்தார்கள். மச்சான், உடனே ஈப்போவில் பெரிய லாயரை வை என்றார். பக்கத்து லயத்துக்காரர், கவர்மெண்டே இலவசமாக லாயர் தரும், காசைக் கரைக்காதே என்றார். இன்னொருவர், ஒத்துக்கொண்டால் சீக்கிரம் முடியும், லாயரே வேண்டாம் என்றார். மூவருமே நல்ல மனசோடு சொன்னவர்கள்தான். மூன்று யோசனையும் சில இடங்களில் சரி, சில இடங்களில் ஆபத்து. எந்த இடத்தில் எது என்று நான் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை, இதைப் படித்துவிட்டு லாயரிடம் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

எதை வைத்து எடை போடுவது

எல்லோரும் காசை வைத்துத்தான் ஆரம்பிக்கிறோம். நான் காசைக் கடைசியில் வைப்பேன்.

முதலில் நேரம். கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டுவர வேண்டும், பயண நேரம் மட்டும் கழிவு. நம் கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது பிரிவே அதைச் சொல்கிறது. தனக்கு வேண்டிய லாயரைக் கலந்துபேசவும் அவரைக் கொண்டு வாதாடவும் உள்ள உரிமையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அப்புறம் ரிமான்ட், அதாவது போலீஸ் மேலும் விசாரிக்க மாஜிஸ்திரேட் அனுமதியோடு காவலில் வைப்பது. 14 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம் என்றால் முதல் தடவை 4 நாள், அடுத்து 3 நாள் வரை. 14 ஆண்டும் அதற்கு மேலும், அல்லது மரண தண்டனை என்றால் 7 நாளும் மறுபடி 7 நாளும். இதெல்லாம் உச்ச வரம்பு, இத்தனை நாள் கொடுத்தே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 'பையனை ஏற்கெனவே விசாரித்தாயிற்று, வீட்டு முகவரி இருக்கிறது, ஓடமாட்டான், ஒரு நாள் போதும்' என்று எழுந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த விசாரணை சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஊதா நிற லாக்கப் சட்டையோடு கைவிலங்கில் நிற்கும் பையன் அதைத் தானே சொல்லமாட்டான்.

இரண்டாவது, வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது: ரிமான்டா, ஜாமீனா, விசாரணையா, மேல்முறையீடா? மூன்றாவது, குற்றச்சாட்டின் கனம். நான்காவது, ஐசியின் நிறம். தோட்டத்து ஆட்களுக்கு இது பெரிய விஷயம், பின்னால் சொல்கிறேன். ஐந்தாவது மொழி, அதாவது பையனுக்கும் லாயருக்கும் நடுவில் பேச்சு புரிகிறதா என்பது. இவ்வளவுக்கும் பிறகுதான் காசு, அதிலும் முதல் நாள் சொல்லும் தொகையைவிட அடுத்த ஒரு வருடத்தில் சொட்டுச் சொட்டாகப் போகும் தொகையைப் பாருங்கள்.

இலவச லாயர்: தேசிய சட்ட உதவி அறவாரியம்

ஒய்பிஜிகே என்று லாயர்கள் சொல்வது இதைத்தான். 2011இல் அமைக்கப்பட்டு 2012 ஏப்ரலில் வேலையைத் தொடங்கியது. அதற்கு முன்பே, 1980களிலிருந்து, வழக்கறிஞர் மன்றம் தன் சட்ட உதவி மையங்களை நடத்திவந்தது. மன்றத்தின் உறுப்பினரான ஒவ்வொரு லாயரும் அதற்காக வருடத்துக்கு 100 வெள்ளி (ரிங்கிட்) போட்டார்கள். அந்த மையங்களின் அனுபவத்தின் மேல்தான் அரசாங்கப் பணத்தோடு அறவாரியம் எழுந்தது.

இதன் பலம் முதல் நாளில் இருக்கிறது. கைது, ரிமான்ட் கட்டத்தில் மலேசியக் குடிமகன் என்றாலே போதும், சம்பளச் சீட்டு கேட்டுக்கொண்டு நிற்கமாட்டார்கள். வருமானக் கணக்கு விசாரணைக் கட்டத்தில்தான் வரும். தொடங்கியபோது வருடத்துக்கு 25,000 வெள்ளிக்குள் வருமானம் இருந்தால் முழுக்க இலவசம், 36,000 வரை என்றால் 300 வெள்ளி பங்களிப்பு என்று வைத்தார்கள். இந்த வரம்பு மாறக்கூடியது, விண்ணப்பிக்கும்போதே இப்போதைய அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

'இலவச லாயர் என்றால் ஒப்புக்கு வருவார்' என்ற பேச்சை நான் நம்புவதில்லை. அறவாரியத்துக்கு வருகிறவர்கள் வெளியே காசு வாங்கித் தொழில் செய்யும் அதே லாயர்கள்தான், ஒரு சிறு தொகைக்கு இதையும் செய்கிறார்கள். ரிமான்ட் கோர்ட்டில் வாராவாரம் நிற்பதால், வீட்டுப் பத்திரமும் லோன் பத்திரமும் எழுதும் லாயரைவிட இவர்களுக்கு அங்கே கை பழகியிருக்கும்.

மறைந்திருக்கும் செலவு வேறு மாதிரி. ரிமான்டுக்கு வந்தவரே விசாரணைக்கும் வருவார் என்று உறுதி இல்லை, ஆள் மாறினால் முழுக் கதையையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். விசாரணைக்கு லாயர் வேண்டுமென்றால் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்: சம்பளச் சீட்டு, குடும்பத்தார் ஐசி, குற்றச்சாட்டுத் தாள் எல்லாம் நகல் எடுத்து, ஈப்போவுக்கு முப்பது கிலோமீட்டர் போய்வர வேண்டும். தினக்கூலிக்காரருக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் சம்பளம். மரண தண்டனை வரக்கூடிய வழக்கின் விசாரணையை அறவாரியம் எடுப்பதில்லை.

இனி அந்த ஐசி விஷயம். இது குடிமக்களுக்கான திட்டம். நம் தோட்டங்களில் இங்கேயே பிறந்து இங்கேயே கிழவராகி இன்னும் சிவப்பு ஐசியோடு, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியாக, இருப்பவர்கள் இருக்கிறார்கள், பிறப்புப் பத்திரமே எடுக்காத பிள்ளைகளும் உண்டு. அப்படி இருந்தால் 'கிடையாது' என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தைத் தனியாகக் கேளுங்கள். அவர்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் அகதிகளுக்கும்கூட வாதாடியிருக்கிறார்கள். லயத்தில் பக்கத்து வீட்டு நேப்பாளிப் பையனைப் பிடித்தாலும் அங்கே கேட்கலாம், அவன் நாட்டுத் தூதரகத்துக்கும் ஒரு போன் போடுங்கள்.

காசு கொடுத்து வைக்கும் லாயர்

வசதி இருந்தால் இதில் நல்லது நிறைய இருக்கிறது. ஆளை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், பையனோடு தமிழில் பேசக்கூடியவரைத் தேடலாம், ரிமான்டிலிருந்து மேல்முறையீடு வரை ஒரே ஆள் கூடவே வருவார். குற்றச்சாட்டைக் குறைக்கவோ கைவிடவோ கேட்டு அரசுத் தரப்புக்கு எழுதும் மனு ஒன்று உண்டு, லாயர்கள் ரெப்ரசன்டேஷன் என்பார்கள். அதை உட்கார்ந்து, விவரம் திரட்டி, நன்றாக எழுத நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்.

சில வழக்குகளில் இது வெறும் வசதி இல்லை, ஏறக்குறைய அவசியம். சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றங்களுக்கான சிறப்புச் சட்டத்தில் பிடித்தால் 28 நாள் வரை உள்ளே வைக்கலாம், லாயரைப் பார்க்கவிடாமல் 48 மணி நேரம் வரை தள்ளிப்போடலாம், குற்றஞ்சாட்டிய பிறகு பெரும்பாலும் ஜாமீனும் இல்லை. வழக்கு முடியும்வரை உள்ளேயே இருக்க வேண்டியதுதான். அப்படி எத்தனை தாய்மார்கள் சுங்கை பூலோ சிறைக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்து உண்ணாவிரதம் இருந்தார்கள் என்பதைப் பார்த்தோம். அந்த மாதிரி வழக்கில் அந்தச் சட்டத்தைக் கையாண்டு பழகிய லாயரே வேண்டும், அதற்காக உறவுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து காசு போட்டாலும் தப்பில்லை.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான் அதிகம். 'மூவாயிரம் வெள்ளி' என்றால் எதுவரைக்கும் மூவாயிரம் என்று கேளுங்கள். ரிமான்டுக்கு ஒன்று, ஜாமீனுக்கு ஒன்று, மென்ஷன் தேதிக்கு ஒவ்வொரு தடவையும் ஒன்று, விசாரணை நாளுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போடுவது உண்டு. மென்ஷன் என்பது அடுத்த தேதி வாங்கும் நாள், அன்றைக்கு வழக்கில் ஒன்றும் நடக்காது. அப்படி ஐந்தாறு தேதி போனால் கணக்கு எங்கேயோ போய்விடும். நடுவில் காசு தீர்ந்தால் லாயர் விலகிக்கொள்ள அனுமதி கேட்கலாம், அப்போது பாதிக் கிணற்றில் நிற்பது நீங்கள். அதனால் கட்டம் கட்டமாக எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள், கொடுக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீது கேளுங்கள்.

இன்னொன்றைக் கோபத்தோடேயே சொல்கிறேன். பாலாய் எனும் போலீஸ் நிலைய வாசலிலும் கோர்ட் காண்டீனிலும் 'நான் லாயர் ஆள், உள்ளே பேசி முடித்துத் தருகிறேன்' என்று வருகிறவர்களிடம் ஒரு காசு கொடுக்காதீர்கள். லாயருக்கு ஆள் பிடித்துத் தருவது வழக்கறிஞர் தொழில் சட்டப்படி குற்றம். 'முடித்துத் தருகிறேன்' என்பதற்கு வேறு அர்த்தம் இருந்தால் அது லஞ்சம், கொடுத்த அம்மாவும் மாட்டிக்கொள்வார். என் கடையிலேயே ஒரு பெரியவர் அப்படி ஒருவனிடம் சங்கிலி விற்ற காசைக் கொடுத்துவிட்டு, அவன் தந்த நம்பருக்கு மறுபடி மறுபடி போன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் போனை யாரும் எடுக்கவில்லை. லாயர் பெயர் உண்மையா என்று வழக்கறிஞர் மன்றத்தின் இணையதளத்திலேயே தேடலாம், இரண்டு நிமிட வேலை.

ஜேபிஜி

ஜேபிஜி எனும் சட்ட உதவித் துறையையும் அறவாரியத்தையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். ஜேபிஜி அரசாங்க இலாகா, 1971ஆம் வருடச் சட்ட உதவிச் சட்டத்தின்கீழ் நடப்பது. விவாகரத்து, பிள்ளைகளுக்கான ஜீவனாம்சம் போன்ற குடும்ப வழக்குகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு அங்கே போகலாம். குற்ற வழக்கில் அதன் பங்கு குறுகலானது, பெரும்பாலும் குற்றத்தை ஒத்துக்கொண்டவருக்குத் தண்டனையைக் குறைக்கச் சொல்லிப் பேசுவது. பையன் ரிமான்டில் இருக்கும்போது உங்கள் முதல் போன் இவர்களுக்கு இல்லை.

நீதிமன்றமே நியமிக்கும் லாயர்

கொலை, போதைப்பொருள் கடத்தல் என்று மரண தண்டனை வரக்கூடிய வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போது, லாயர் வைக்க முடியாதவருக்கு நீதிமன்றமே ஒருவரை நியமிக்கும். கேட்டு வாங்க வேண்டிய தயவு இல்லை இது, தயங்காமல் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு வந்துசேரும் முன் பல மாதம் ஓடிவிடும். போலீசிடம் என்ன சொன்னான், யார் சாட்சி, அன்று எங்கே இருந்தான் என்பதெல்லாம் அதற்குள் ஆறிப்போகும். அந்த இடைவெளிக்காவது ஒரு லாயரைப் பார்த்துப் பேசிவையுங்கள்.

2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டுவிட்டது. கொலை வழக்கில் இப்போது நீதிபதி மரண தண்டனையும் கொடுக்கலாம், 30 முதல் 40 ஆண்டு சிறையும் பிரம்படியும் கொடுக்கலாம். முன்பு குற்றம் உறுதியானதும் பேச ஒன்றும் மிச்சம் இருக்காது. இப்போது அதற்குப் பிறகும் பையனின் வயது, வளர்ந்த வீடு, அவன் பங்கு எவ்வளவு என்று பேச இடம் இருக்கிறது. அதைத் தயார் செய்ய லாயருக்குக் குடும்பம்தான் விவரம் கொடுக்க வேண்டும்.

ஜொகூர் பக்கம் போய் சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்காக ஒரு வரி: அங்கே 2022 டிசம்பரில் அரசாங்க வழக்காடும் அலுவலகம் திறந்தார்கள், ஆனால் அது சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். மரண தண்டனை வழக்கு என்றால் மட்டும் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் அங்கேயும் லாயர் நியமிக்கப்படுவார்.

லாயர் இல்லாமல் ஒத்துக்கொள்வது

மூன்றாவது யோசனைக்கு வருகிறேன். இதற்குச் செலவே இல்லை என்று தோன்றும், நான் பார்த்தவரை பின்னால் அதிகம் வலிப்பது இதுதான். போதைப்பொருள் பாவித்த வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1952ஆம் வருட அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 15(1) பிரிவில் 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை. 'அபராதம்தானே, கட்டிவிட்டு வந்துவிடலாம்' என்பார்கள். அபராதம் கட்டிய மறுநாளிலிருந்துதான் மிச்சக் கணக்கு ஆரம்பிக்கிறது: காவலாளி வேலை, சிங்கப்பூர் வேலை அனுமதி, அரசாங்க வேலை என்று எந்தப் பக்கம் போனாலும் பெயருக்குப் பின்னால் அந்தப் பதிவு வரும். ஒத்துக்கொண்ட பிறகு 'நான் செய்யவில்லை' என்று மேல்முறையீடு செய்யவும் முடியாது. தண்டனையின் அளவையும் அது சட்டப்படி சரியா என்பதையும் மட்டும்தான் கேட்கலாம், அதற்கும் 14 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

குற்றச்சாட்டை வாசிக்கும்போது மலாயில் வேகமாக வாசிப்பார்கள். புரிகிறதா என்றால் பையன் தலையாட்டுவான், ஏனென்றால் பள்ளிக்கூடத்திலும் புரியாமல் தலையாட்டித்தான் பழகியிருக்கிறான். மொழிபெயர்ப்பாளர் கேட்பது அவன் உரிமை, தமிழில் வேண்டும் என்று வாய் திறந்து சொல்லச் சொல்லுங்கள்.

லாயர் இருப்பதற்கும் இல்லாததற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரே மனிதரிடம் அளந்து பார்த்த மாதிரி ஒரு வழக்கு உண்டு. கிளாரன்ஸ் கிடியன் என்ற ஏழை, 1961இல் புளோரிடாவில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தை உடைத்துத் திருடியதாகக் குற்றச்சாட்டு. லாயர் கேட்டார், மரண தண்டனை வழக்குக்குத்தான் தருவோம் என்றார்கள். தானே வாதாடித் தோற்று 5 ஆண்டு தண்டனை வாங்கினார். சிறையிலிருந்து பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதினார். கடுமையான குற்ற வழக்கில் ஏழைக்கு மாநிலமே லாயர் தர வேண்டும் என்று 1963இல் தீர்ப்பு வந்தது. மறுவிசாரணையில் அதே குற்றச்சாட்டு, ஆனால் இந்தத் தடவை பக்கத்தில் லாயர், சாட்சியைக் குறுக்கே கேட்க ஆள் இருந்தது. விடுதலையானார்.

சரி, ஒத்துக்கொள்வது எப்போதுமே தப்பா? இல்லை. செய்தது உண்மை, ஆதாரம் தெளிவு, வழக்கு சின்னது என்றால் சீக்கிரம் ஒத்துக்கொள்பவருக்குத் தண்டனையில் சலுகை கிடைப்பது வழக்கம்தான். அதையும் ஒரு லாயரிடம் குற்றச்சாட்டுத் தாளைக் காட்டி, கால் மணி நேரமாவது பேசிவிட்டுச் செய்யுங்கள். பையனுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள். 2001ஆம் வருடச் சிறார் சட்டத்தின்படி அது வேறு நீதிமன்றம், வேறு நடைமுறை.

லாயர் இல்லாத துணை

லாயருக்குப் பதில் இல்லை இது, கூடவே வைத்துக்கொள்ள வேண்டியது. ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் லாயர்களே மிகக் குறைவு. அங்கே 2000ஆம் ஆண்டிலிருந்து பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள் சிறைக்குள் போய், ஜாமீன் எப்படிக் கேட்பது, கோர்ட்டில் என்ன சொல்வது என்று கைதிகளுக்கே கற்றுக்கொடுக்கிறார்கள். சியரா லியோன் 2012இல் அப்படிப்பட்டவர்களைச் சட்ட உதவிச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. நம் ஊரில் அந்தப் பயிற்சி இல்லை, ஆனால் கோவில் கமிட்டியிலோ யூனியனிலோ விவரம் தெரிந்த ஒருவர் இருப்பார். கோர்ட்டில் பேச அவருக்கு உரிமை கிடையாது. பாலாய்க்குக் கூட வரலாம், எந்த அதிகாரி, எந்தப் பிரிவு, எத்தனை மணிக்குப் பிடித்தார்கள் என்று எழுதிவைக்கலாம், ஜாமீன்தாரரைத் தேடலாம்.

ஜாமீன்தாரர் விஷயத்தை லேசாக எடுக்காதீர்கள். இந்தியாவில் 1979இல் பீகார் சிறைகளைப் பற்றிய ஹுசைனாரா காத்தூன் வழக்கில் வெளியே வந்த உண்மை, ஜாமீன் கட்ட முடியாத ஏழைகள் தங்கள் குற்றத்துக்குரிய தண்டனைக் காலத்தைவிட நீண்ட காலம் விசாரணைக் கைதிகளாகவே கிடந்தார்கள் என்பது. லாயருக்கு எல்லாப் பணத்தையும் கொடுத்துவிட்டு ஜாமீனுக்குக் கையில் ஒன்றும் இல்லாமல் நின்றால் இங்கேயும் அதே கதைதான். ஜாமீன் பணம் வழக்கு முடிந்ததும் திரும்ப வரும், லாயருக்குக் கொடுத்தது வராது.

ஒரே பார்வையில்

| எந்த நிலை | முதலில் யார் | எதைக் கவனிப்பது |
|---|---|---|
| பிடித்த முதல் நாள், ரிமான்ட் | அறவாரியம் | போன் தாமதமாகக் கூடாது |
| சிவப்பு ஐசி, வெளிநாட்டவர் | வழக்கறிஞர் மன்றச் சட்ட உதவி மையம் | தனியாகக் கேட்க வேண்டும் |
| சாதாரண வழக்கு, குறைந்த வருமானம் | அறவாரியம் | விண்ணப்பத் தாள்கள், பயணம் |
| சொஸ்மா, சிக்கலான வழக்கு | பழகிய தனியார் லாயர் | கட்டம் வாரியாகக் கட்டணம் |
| மரண தண்டனை வழக்கு | நீதிமன்றம் நியமிப்பவர் | அதற்கு முந்தைய மாதங்கள் |
| குடும்ப வழக்கு | ஜேபிஜி | குற்ற வழக்குக்கு இது இல்லை |

அந்த அக்காவிடம் நான் சொன்னது இதுதான்: இன்றைக்கு அடகுக் கடைக்குப் போகாதீர்கள், முதலில் சட்ட உதவிக்குப் போன் போடுவோம், ரிமான்ட் முடியட்டும், என்ன குற்றச்சாட்டு என்று தெரிந்த பிறகு நகையைப் பற்றி யோசிக்கலாம். கடை நாற்காலியில் உட்கார்ந்தே போன் போட்டோம். லாயர் வந்தார். போலீஸ் நான்கு நாள் கேட்டது, மாஜிஸ்திரேட் இரண்டு நாள் கொடுத்தார். அப்புறம் குற்றஞ்சாட்டினார்கள், நகை ஜாமீனுக்குப் போனது. வழக்கு இன்னும் நடக்கிறது, விசாரணைக்கு அதே இலவச லாயரே வேண்டும் என்று அக்கா விண்ணப்பித்திருக்கிறார். பையன் வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வருகிறான்.

உங்களுக்கு அப்படி ஒரு காலை வந்தால் கொண்டுவர வேண்டியவை: பையனின் ஐசி அல்லது பிறப்புப் பத்திர நகல், உங்கள் ஐசி, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, அவனுக்கு நோய் இருந்தால் கிளினிக் அட்டையும் மருந்துப் பெயரும், பிடித்த நேரமும் இடமும் எழுதிய ஒரு தாள். எல்லாவற்றிலும் மூன்று நகல். ரிமான்ட் பெரும்பாலும் காலையிலேயே நடக்கும், அதனால் எட்டு மணிக்கு முன்பே வந்து ஷட்டரைத் தட்டுங்கள், நான் பின்னால்தான் குடியிருக்கிறேன்.